அண்ணன் காளிகாட்டில் செய்த சத்தியம்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இலை போடுவதற்கு முன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பெரியவர்களுக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தார்கள். "நீதான் படிச்சவ. நீதான் அவன்கூட ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சவ. நீயே எழுது" என்றார்கள். இரண்டு முறை எழுதி முடித்தேன். இரண்டிலும் அண்ணன் நல்லவராக இருந்தார். நானும் நல்லவளாக இருந்தேன். இரண்டையும் கிழித்துவிட்டு மூன்றாவதாக இதை எழுதுகிறேன்.

அண்ணன் தூத்துக்குடியில் பிறந்தவர். அப்பாவுக்கு வங்காளத்தில் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து இங்கே வந்தபோது அண்ணனுக்கு நான்கு வயது. நான் அதற்கு மூன்று வருடம் கழித்துத் துறைமுகக் குடியிருப்பில் பிறந்தேன். அப்பா மாரடைப்பில் போனபோது அண்ணனுக்கு இருபது வயது, எனக்குப் பதின்மூன்று. அண்ணன் கல்லூரியை விட்டுவிட்டு, கிடர்பூரில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். குடியிருப்பைக் காலி செய்து, அம்மாவையும் என்னையும் காளிகாட்டில் ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீட்டுக்குக் கூட்டி வந்தார். அந்த வருடம் அம்மா வழுக்கி விழுந்து கை ஒடிந்து கிடந்தபோது எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான். சாக்கு மூட்டை கட்டுகிறவர்களிடம் கற்றுக்கொண்ட முடிச்சைப் போட்டு ரிப்பனைக் கட்டுவார். "கப்பலே கவுந்தாலும் இந்தச் சடை அவுராது, போ" என்பார். அவிழாது என்பது உண்மை. சாயங்காலம் கத்தரிக்கோல் எடுத்துத்தான் ரிப்பனைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அண்ணனுக்கு வயிற்று வலி எப்போது தொடங்கியது என்பதை இங்கே தெளிவாக எழுத வேண்டும். அது பதினாலு வயதில் தொடங்கியது. எனக்கு அப்போது ஏழு வயது. அவர் கட்டிலில் முதுகை வளைத்து உட்கார்ந்து, தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் தலையணையை அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்து நானும் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஆடியிருக்கிறேன். சூடு என்றார்கள், வாயு என்றார்கள். ஓமத் தண்ணீரும் வாயு மாத்திரையும் கொடுத்தார்கள். நாலு நாளில் சரியாகும், நாலு மாதத்தில் திரும்ப வரும். எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாமல் போனது. கல்யாண வீடுகளில் அவர் இலையில் விழும் வடையெல்லாம் என் இலைக்கு வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் பின்னால் நான் அவரைத் தப்பாக நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் எனக்குத் திருமணம் செய்துவைத்தார். நாங்கள் சால்ட் லேக்கில் அரசுக் குடியிருப்புக்குப் போனோம். நான் முதல் முறையாக ஆறு மாதம் உண்டாகியிருந்தபோது ஒருநாள் அலுவலகத்திலேயே அண்ணனுக்கு வலி வந்து, அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்துக் கணையத்தில் வீக்கம் என்றார்கள். கணையம் என்ற உறுப்பை நான் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு மறந்துபோயிருந்தேன்.

"எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள்?" என்று டாக்டர் அண்ணனிடம் கேட்டார்.

"குடிக்கிறதில்லை" என்றார் அண்ணன்.

டாக்டர் சிரித்தார். "ஸொபாயி தாயி போலே." எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் சில சனிக்கிழமைகளில் தாமதமாக வீட்டுக்கு வருவார் என்று அம்மா சொல்லியிருந்தார்கள். சட்டையில் சாராய நெடி அடித்ததாக ஒருமுறை அம்மாவே மூக்கைச் சுளித்தது நினைவுக்கு வந்தது. வேலை செய்கிற இடமும் துறைமுகம். டாக்டரிடம் மறைத்தால் மருந்து மாறிவிடுமோ, அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி என்னைச் சேருமோ என்று பயந்தேன். டாக்டரின் பின்னாலேயே வெளியே போய், "வெளியே நண்பர்களோடு குடிக்கிறார் என்று நினைக்கிறேன். வீட்டில் சொல்ல மாட்டார்" என்றேன். டாக்டர் தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். கடமையைச் செய்த நிம்மதியோடு நான் உள்ளே வந்து அண்ணனுக்கு இளநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

குடியை நிறுத்தினால் வலி நிற்கும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அதோடு விடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணனைக் காளி கோயிலுக்கு அழைத்துப் போனேன். வாசலில், பூக்கடைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, "அம்மா முன்னால சத்தியம் பண்ணுங்கண்ணே. இனிமே குடிக்க மாட்டேன்னு" என்றேன்.

"ஏளா, குடிக்காதவன் எப்படிளா சத்தியம் பண்ணுவான்? நாளைக்கு நான் யாரையும் கொலை பண்ண மாட்டேன், அதுக்கும் சேத்துப் பண்ணிரட்டா?"

"விளையாடாதீங்கண்ணே. எனக்குப் படபடன்னு வருது."

அண்ணன் என் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் கோபுரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி, "தாயே, இதுவரைக்கும் குடிக்காத நான்..." என்று ஆரம்பித்தார்.

"அப்படி இல்ல. ஒழுங்காச் சொல்லுங்க."

"சரி, ஒழுங்காச் சொல்லுதேன். இனிமே குடிக்க மாட்டேன். போதுமா? வா, வெயில்ல நிக்காத."

என் மனம் சமாதானமாக வேண்டும் என்று அவர் செய்தது அது. நான் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். இனிமேல் குடிக்க மாட்டேன் என்றால் இதுவரை குடித்தார் என்றுதானே பொருள்? அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கரக்பூர்ப் பெரியம்மாவிடம் போனில் சொன்னேன். தூத்துக்குடிச் சித்திக்குக் கடிதம் எழுதினேன். "அண்ணன் திருந்திவிட்டார், சத்தியமே செய்துவிட்டார்" என்று நல்ல செய்தியாகத்தான் எழுதினேன். அந்த மூன்று இடத்திலிருந்து அது எத்தனை வீடுகளுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. இந்த மலரைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு வந்திருக்கும்.

பிறகு வலி வந்தபோதெல்லாம் ஆஸ்பத்திரியில் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி குடித்தீர்களா என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்கள். இரண்டு முறை கேட்டுக்கொண்டு வந்தவர் மூன்றாம் முறை போகவில்லை. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

என் மகளுக்குப் பதினொன்றாம் மாதம் காது குத்தினோம். உங்களில் பலர் அன்று மண்டபத்தில் இருந்தீர்கள். அதனால் இதை நான் மாற்றி எழுத முடியாது. அண்ணன் பட்டுப்பாவாடை, வளையல், கல் வைத்த தோடு எல்லாம் தட்டில் வைத்துத் தாய்மாமன் சீர் கொண்டு வந்தார். காது குத்தி முடியும்வரை தாய்மாமன் வாயில் எதுவும் போடுவதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். ஜாம்ஷெட்பூரிலிருந்து வர வேண்டிய என் வீட்டுக்காரரின் சொந்தங்கள் ரயில் தாமதத்தால் வந்து சேரவில்லை. ஒன்பது மணிக்கு என்றிருந்தது பதினொன்றரை ஆனது. அண்ணன் மணையில் உட்கார்ந்தார். மகளை அவர் மடியில் வைத்தேன். அவருடைய நெற்றியிலிருந்து வியர்வை குழந்தையின் தலையில் சொட்டியது. கை நடுங்கியது. ஆசாரி, "தலையை நல்லாப் பிடிச்சுக்கிடுங்க" என்றதற்கு அவர் ஏதோ பதில் சொன்னார், நாக்கு குழறியது. யாரையோ அதட்டினார். மணையிலேயே சாய்ந்தார்.

பின்னாலிருந்து ஒருவர், "காலங்காத்தாலயேவா?" என்றார். ஒரு சிரிப்பும் கேட்டது.

நான் குழந்தையை அவர் மடியிலிருந்து எடுத்தேன். "இன்னைக்குக் கூடவா அண்ணே? எந்திரிங்க" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் என் நினைவு. மண்டபம் முழுக்கக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். கரக்பூர்ப் பெரியம்மா மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தார், அவர்மேல் தப்பில்லை. அண்ணன் வாங்கி வந்த தோட்டைத்தான் போட்டோம். அவர் தோடு வேண்டியிருந்தது, மடி வேண்டாமல் போனது. செருப்புகள் கிடந்த மூலையில் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துத் தாளைப் பிரிக்க முடியாமல் பிரித்து வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். நெடியை மறைக்கிறார் என்று நினைத்தேன். சாப்பிடாமலே போய்விட்டார்.

மறுநாள் போன் செய்தார். "பிள்ளைக்குக் காது வீங்கியிருக்கா? தேங்காய் எண்ணெய் தொட்டு வை" என்றார். "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்கு மேல் கிட்டத்தட்ட மூன்று வருடம் அவர் எங்கள் வீட்டுக்கு அதிகம் வரவில்லை. வந்தாலும் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். எடை நாற்பது கிலோவுக்கு வந்தபோது அவருடைய அலுவலக நண்பர்களே வற்புறுத்தி வேலூருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் முடியாததால் நான் கூடப் போனேன். அங்கே ஒரு வயதான பெண் டாக்டர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். கணையத்தின் குழாய் நெடுக உப்புக்கல் உப்புக்கல்லாக வெள்ளையாகத் தெரிந்தது.

"வலி எந்த வயசுல ஆரம்பிச்சுது?"

"பதினாலுங்க" என்றார் அண்ணன்.

"பதினாலு வயசுல யாரு குடிக்கப்போறா? இது சொட்டுக்கூடத் தொடாதவங்களுக்கு வர்ற வியாதி. நம்ம பக்கத்துல நிறையப் பார்க்கிறோம். ஏன் வருதுன்னு இன்னும் முழுசாத் தெரியல. கல் அடைச்சு, கணையம் கெட்டு, அதனாலதான் சர்க்கரையும் வந்திருக்கு." சொல்லிக்கொண்டே பழைய சீட்டுகளைப் புரட்டியவர் ஒன்றில் நின்றார். "மதுப்பழக்கம் உண்டுன்னு யார் எழுதினது? தங்கச்சி சொன்னதாப் போட்டிருக்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "அவ அப்ப வாயும் வயிறுமா இருந்தா டாக்டர். பயந்துட்டா."

நான்கு வருடமாக அந்தச் சீட்டு அவருடைய பையில் இருந்திருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரியும். தினமும் சரக்குப் பத்திரங்களை வரிவரியாகச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. காளி கோயில் வாசலில் நான் சத்தியம் கேட்டபோதே அதைப் படித்திருந்தார்.

அடுத்த நாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் கூட வந்தவர்களுக்கும் ஒரு நர்ஸ் வகுப்பு எடுத்தார். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும், வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், கோபம் வரும், "பார்க்கிறவங்க குடிச்சிருக்காருன்னு நினைச்சிருவாங்க. அதான் பையில எப்பவும் மிட்டாய் வச்சிருக்கச் சொல்றோம்" என்றார். அண்ணன் ஊசி போட்டுக்கொள்வதே வேலூர் வரும்வரை எனக்குத் தெரியாது. "தங்கச்சி பால் குடுக்கிறவ, சொன்னாக் கவலைப்பட்டே காய்ஞ்சு போவா" என்று அம்மாவிடம் சொல்லி மறைத்திருக்கிறார். அம்மாவுக்கும் ஊசி தெரியும், சாப்பிடாவிட்டால் இப்படி ஆகும் என்பது தெரியாது. காது குத்திய அன்று காலையிலும் ஊசியைப் போட்டுக்கொண்டு, பையில் மிட்டாயை வைத்துக்கொண்டு, வழக்கத்தை மீறாமல் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏண்ணே அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லுத நிலைமையிலயா இருந்தேன்? மறுநாள் போன் பண்ணேன். நீ ம்முன்னு சொல்லி வச்சிட்ட." பிறகு அவரே, "விடுளா. பிள்ளைக்குத் தோடு நல்லா இருந்துச்சுல்லா" என்றார்.

அறுவை சிகிச்சை செய்து கற்களை எடுத்தார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "நாலு வருஷ வலி மிச்சமாகியிருக்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலை நான் தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

அண்ணனுக்கு அதன்பின் ஒன்றரை வருடம் நன்றாக இருந்தது. சாப்பாட்டோடு மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு வடை முழுதாகச் சாப்பிட்டார். பிறகு கண் மஞ்சளானது. இந்த நோய் பல வருடம் இருந்தால் சிலருக்குப் புற்றாக மாறும் என்றார்கள். நாலு மாதம் படுக்கையில் இருந்தார். அப்போது என் வயிற்றில் மகன். ஒருநாள் என் மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு கட்டிலில் ஏறி அவர் மடியில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளை. அவர் மடியில் எலும்புதான் இருந்தது. "மாமா, லாக்சே?" வலிக்கிறதா என்று அவளுக்கு வங்காளத்தில்தான் கேட்க வருகிறது. நான் இறக்கப் போனேன். அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். அவளுடைய காதைத் தொட்டு, "இனி உனக்கு மூணாவது காது ஒண்ணு முளைச்சாத்தான் மக்கா மாமாவுக்குச் சான்ஸ்" என்றார். அவள் சிரித்தாள். எனக்கு அன்று மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. குழந்தை இருக்கிறாளே, பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். அந்த வாரம் அவருக்கு நினைவு தப்பியது.

இதுவரை எழுதியதைவிட எழுதக் கூசுகிற ஒன்று இருக்கிறது. வேலூரிலிருந்து திரும்பிய பிறகு எனக்கு உண்மை தெரியும். அண்ணன் அதன்பின் இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். அந்த இரண்டு வருடத்தில் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட, கல் இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் குடிக்கவில்லை என்று சொன்னால், அப்படியானால் யார் சொன்னது என்ற கேள்வி வருமே என்று பயந்தேன். சுடுகாட்டிலிருந்து எல்லாரும் வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர், "தங்கமான பையன். குடிதான் கொண்டுபோயிட்டு" என்றார். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், நான் ஆமோதிப்பேன் என்று. நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது என் மகள் வயிற்றைப் பிடித்தால் எனக்குக் கை கால் ஓடுவதில்லை. போன மாதம் அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பள்ளியில் சண்டை, அழுதுகொண்டிருந்திருக்கிறாள், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் யாருக்கேனும் வயிற்று வலி திரும்பத் திரும்ப வந்தால், வாயு என்று விடாமல் காட்டிவிடுங்கள். அண்ணன் அனுபவித்ததிலிருந்து உங்களுக்கு நான் தரக்கூடியது அது ஒன்றுதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி நாட்களில் முறைவைத்து அம்மாவுக்குத் துணையிருந்த சந்துக்காரப் பெண்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய கரக்பூர்ப் பெரியம்மா குடும்பத்தாருக்கும், என்னைக் கேள்வி கேட்காமல் எல்லா நேரமும் அனுப்பிவைத்த என் வீட்டுக்காரருக்கும் நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாகக் கிடர்பூர் அலுவலக நண்பர்களுக்கு. அண்ணனைக் கெடுத்தவர்கள் என்று நான் சொல்லித் திரிந்தது அவர்களைத்தான். ரத்தம் வேண்டும் என்றபோது ஏழு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "தாதா ஷுது ஸோடா கேதேன்" என்றார். சனிக்கிழமைகளில் அவர்கள் குடிக்கும்போது அண்ணன் சோடா மட்டும் குடித்துக்கொண்டு கூட உட்கார்ந்திருப்பாராம். முடிந்ததும் நடக்க முடியாதவர்களைத் தோளில் தாங்கி அவரவர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் காளிகாட்டுக்கு வருவாராம். அம்மா முகர்ந்த நெடி அதுதான்.

அண்ணன் போய் மூன்று மாதத்தில் பிறந்த என் மகனுக்கு, வருடம் கழிந்ததும் காது குத்த வேண்டும். யார் மடியில் என்று அம்மா கேட்கிறார்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அன்று மண்டபத்தில் யாராவது, பிள்ளையின் தாய்மாமன் எங்கே, அவருக்கு என்ன ஆயிற்று என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே இருக்கப்போகிற உங்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். நான் உங்களிடம் முன்பு சொன்னதைச் சொல்லாதீர்கள். இதைச் சொல்லுங்கள், தமிழ் படிக்க வராத நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வரிகளை மட்டுமாவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவருக்குக் கணையத்தில் கல் இருந்தது. பதினாலு வயதிலிருந்து இருந்தது. அவர் ஒருநாளும் குடித்ததில்லை. குடித்தார் என்று சொன்னது அவர் தங்கை.